கோழிக்கு முன்னால் சட்டியை ஊறவையுங்கள்

சித்திரை வெயிலில் வீட்டு மூலையில் இருக்கும் மண்பானையைத் தொட்டுப் பாருங்கள். வெளிப்பக்கம் வியர்த்திருக்கும், உள்ளே தண்ணீர் சில்லென்று இருக்கும். பானைச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. அவற்றின் வழியே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது, அதனால் மிச்சத் தண்ணீர் குளிர்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். இதே துளைகளும் இதே ஆவியும் ஒரு முழுக் கோழியை வறண்டுபோகாமல் சுட்டும் தரும். அது எப்படி என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் நான்கு வருடமாக மாதம் ஒரு ஞாயிறாவது இந்தக் கோழி உண்டு. இதற்குள் மூன்று சட்டிகளைப் பார்த்தாயிற்று. நான் சமையல்காரன் இல்லை. முதல் இரண்டு தடவை, அவித்ததும் இல்லாமல் சுட்டதும் இல்லாமல் வெளுத்துப்போன ஏதோ ஒன்றுதான் சட்டியிலிருந்து வந்தது. என்ன தப்பு என்று தேடியபோதுதான் புரிந்தது: மசாலா உங்கள் இஷ்டம், நேரம்கூட முன்பின் ஆகலாம், ஆனால் தண்ணீர் எங்கே இருக்கிறது, எப்போது போகிறது என்று தெரியாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

மண்சட்டியில் சுட்ட கோழி என்றதும் சிலர் தந்தூரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். தந்தூர் அடுப்பும் மண்தான். ஆனால் அது காய்ந்த மண். உள்ளே கரி எரிகிறது, வெப்பம் 400 டிகிரி செல்சியஸைக்கூடத் தொடும். கோழி சீக்கிரம் வெந்து ஓரம் கருகி வெளியே வந்துவிடும். தம் பிரியாணிப் பானையும் வேறு. அங்கே மண் என்பது வெறும் மூடிய பாத்திரம், அதையே பித்தளையிலும் செய்யலாம். நாம் செய்யப்போவது, தண்ணீரில் ஊறிய சட்டிக்குள் கோழியை முழுசாக வைத்து மூடி, ஓவனுக்குள் தள்ளுவது. ஓவன் இல்லாவிட்டாலும் வழி உண்டு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஜெர்மனியில் 1967-ல் ரோமர்டோப்ஃப் என்ற பெயரில் இப்படி ஒரு மூடிபோட்ட சட்டி சந்தைக்கு வந்தது. ரோமானியப் பானை என்று அர்த்தம். புதுச்சேரிக்காரர்களுக்கு ரோமானியப் பானை ஒன்றும் புதிதில்லை. நம்ம அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலியில் செய்த சிவப்புத் தட்டுகளின் ஓடுகளும், மது நிரப்பி வந்த இரட்டைக் காது ஜாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. அரிக்கமேட்டில் கிடைத்த பொருட்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்கலாம். அந்த ஜாடிகளை இங்கே இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. மது கசியாமல் இருக்க ரோமானியர்கள் ஜாடியின் உட்சுவரில் மரப்பிசினைக் காய்ச்சிப் பூசுவார்கள். அதாவது துளையை அடைப்பார்கள். நாம் புதுக் குழம்புச்சட்டியைப் பழக்குவதும் அதே வேலைதான். அரிசி கழுவிய தண்ணீரையோ கஞ்சியையோ ஊற்றிக் கொதிக்கவிட்டால் மாவு துளைக்குள் போய் இறுகிக்கொள்ளும், மேலே எண்ணெய் தடவினால் மீதியும் அடைபடும். அப்புறம் குழம்பு கசியாது.

கோழி சுடுகிற சட்டிக்கு இதற்கு நேர் எதிர். துளை திறந்தே இருக்க வேண்டும். அதனால் இருபது வருடம் மீன் குழம்பு வைத்துக் கறுத்துப்போன சட்டி எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் இதற்கு ஆகாது. அது தண்ணீர் குடிக்காது. குடித்தாலும், ஆவியோடு சேர்ந்து பழைய வஞ்சிரம் வாசனையும் கோழிக்குள் போகும். இதற்கென்று தனிச் சட்டி வாங்கிவிடுங்கள்.

துளைக்குள் போகிற தண்ணீர் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒருநாள் சமையல் தராசில் நிறுத்துப் பார்த்தேன். காய்ந்த சட்டியும் மூடியும் சேர்ந்து 2,600 கிராம். ஒரு மணி நேரம் ஊறிய பிறகு 2,880. ஆக, 280 கிராம் தண்ணீர் மண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. கையால் தொட்டால் ஈரம், அவ்வளவுதான் தெரியும். இனி கணக்கு. நம்மூர் வெப்பமான 30 டிகிரியிலிருந்து ஒரு கிராம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக 70 கலோரி வேண்டும். அந்த ஒரு கிராம் ஆவியாக மேலும் 540 கலோரி. 280 கிராமுக்குப் பெருக்கினால் ஏறக்குறைய 1,70,000 கலோரி. அதே 2,600 கிராம் மண்ணைத் தண்ணீர் இல்லாமல் 100 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 36,000 கலோரி போதும். மண்ணுக்குத் தேவைப்படுவதுபோல் ஐந்து மடங்கு வெப்பத்தை அதற்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர் விழுங்கிவிடுகிறது.

இதனால் என்ன ஆகும்? ஓவனை 220-ல் வைத்தாலும், சுவரில் தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் உள்பக்கம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். சட்டிக்குள் ஆவி நிறைந்திருக்கும், கோழியின் மேற்பரப்பு காயாது. நெஞ்சுக்கறி 70 டிகிரியைத் தாண்டத் தாண்ட நார்நாராக வறளும். தொடைக்கறியோ 80-க்கு மேல் போனால்தான் மெத்தென்று ஆகும். முழுக் கோழி சுடுவதில் இருக்கிற ஒரே பெரிய சிக்கல் இதுதான், ஒரே உடம்பில் இரண்டு தேவை. வெளிவெப்பம் மூர்க்கமாக இருந்தால் உள்ளே தொடை வேகுமுன் நெஞ்சு மரத்தூளாகிவிடும். ஊறிய சட்டி அந்த மூர்க்கத்தைத் தணிக்கிறது. நெஞ்சுக்கும் தொடைக்கும் இடைவெளி கொஞ்சம் குறைகிறது.

ஆனால் ஆவி மட்டும் இருந்தால் அது இட்லிப் பானை. பொன்னிறம் வராது. தோல் சிவந்து மணப்பதற்குக் காரணமான வினைக்கு மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் பெயர். 1912-ல் அதை எழுதியவர். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை எப்படியெல்லாமோ கடித்துத் துப்புகிறார்கள், புதுச்சேரியில் நமக்கு அந்தச் சிரமம் இல்லை. மயார் வினை சுறுசுறுப்பாக நடக்க 140 டிகிரிக்குப் பக்கத்திலாவது வேண்டும். ஈரமான தோல் 100-ஐத் தாண்டாது. எனவே முதலில் ஆவி, பிறகு வறட்சி. சட்டி தண்ணீரை விட்டு முடித்ததும் தானாகவே சூடு ஏறும், நாம் மூடியை எடுத்து மிச்ச ஆவியையும் விரட்டுவோம். என் முதல் இரண்டு கோழிகள் வெளுத்ததற்குக் காரணம், கடைசிவரை மூடியைத் திறக்காமல் இருந்தது. அதோடு ஒரு டம்ளர் தண்ணீர் வேறு ஊற்றியிருந்தேன். "அடி பிடிச்சிடுமே" என்ற பயம்தான். ஊற்றாதீர்கள். கோழியே ஒரு டம்ளருக்குக் குறையாமல் சாறு விடும்.

சட்டி வாங்க வில்லியனூர் போனேன். வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாடுகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. பெயர் வாங்கியது பொம்மையும் சிலையும்தான், ஆனால் அந்தப் பக்கம் சமையல் சட்டிக்கும் பஞ்சமில்லை. சாலையோரம் சட்டி அடுக்கியிருந்த அம்மாவிடம், "முழுக் கோழி வைக்கிற மாதிரி வேணும்க்கா" என்றேன்.

"உசுரோடயா?" என்றார்.

அப்புறம் சிரித்துவிட்டு நாலைந்து சட்டிகளை எடுத்து, விரலை மடக்கி முட்டியால் தட்டிக் காட்டினார். நன்றாக வெந்த சட்டி ணங் என்று கேட்கும். விரிசல் விட்டதோ சூளையில் சரியாக வேகாததோ சொத்தென்று ஊமையாகக் கேட்கும். "அடி தடிச்சு, கழுத்து மெலிஞ்சு இருந்தா எடுக்காத தம்பி, அடுப்புல வெடிக்கும்" என்றும் சொன்னார். இது அனுபவ வாக்கு மட்டுமல்ல, சரியான இயற்பியலும்கூட. சுட்ட மண் வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் மந்தம். ஒரு பக்கம் சூடாகி விரியும்போது இன்னொரு பக்கம் செய்தியே தெரியாமல் குளிர்ந்து கிடக்கும். இந்த இழுபறியில்தான் சட்டி விரிசல் விடுகிறது. சுவர் ஒரே கனமாக இருந்தால் இழுபறி குறைவு. உருண்டை அடிச் சட்டிகள் அடுப்பில் நீடித்து உழைப்பதற்கும் இதுதான் காரணம்; மூலை இல்லை, அதனால் இழுவை ஒரே இடத்தில் போய்க் குவிவதில்லை.

1.2 கிலோ கோழிக்கு ஐந்து லிட்டர் பிடிக்கிற, வாய் அகன்ற சட்டி சரியாக இருக்கும். மூடி ஆடாமல் உட்கார வேண்டும். போவதற்கு முன்னால் ஓவனின் உள்ளுயரத்தை அளந்துகொள்ளுங்கள். மூடியோடு சேர்த்து மேலே இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும், இல்லாவிட்டால் மேல் கம்பி மூடியைச் சுடும். உருண்டை அடிச் சட்டி ஓவன் கம்பியில் உருளும். வைக்கோல் பிரிமணையை அடுப்புக்குள் வைக்க முடியாது, நான் ஒரு பழைய இரும்பு வளையத்தை வைத்திருக்கிறேன்.

சிவப்போ கறுப்போ, இரண்டும் ஒன்றுதான். சூளையில் காற்று நன்றாகப் போனால் மண்ணில் இருக்கும் இரும்பு சிவக்கும், காற்றை அடைத்துப் புகைமூட்டினால் கறுக்கும். ஆனால் சாயம் பூசிச் சிவப்பாக்கிய சட்டிகளும் விற்கிறார்கள். நான் ஒருதடவை ஏமாந்தேன், வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் துடைத்தால் துணி காவி வேட்டி ஆகிவிட்டது. கடையிலேயே கைக்குட்டையை நனைத்துத் துடைத்துப் பாருங்கள், அவர்கள் முறைத்தாலும் பரவாயில்லை. கண்ணாடிபோல் பளபளக்கும் பூச்சுப் போட்டதும் வேண்டாம். துளை அடைந்திருக்கும் என்பது ஒன்று. மலிவான பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கலாம் என்பது இன்னொன்று. மண்சட்டியில் சமைத்தால் அந்த நோய் போகும் இந்தச் சத்து வரும் என்று போனில் வருகிற செய்திகளைப் பற்றி எனக்குப் பேச ஒன்றுமில்லை. ருசிக்காகத்தான் செய்கிறேன்.

புதுச் சட்டியை ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, இடையில் இரண்டு முறை தண்ணீரை மாற்றி, தேங்காய் நாரால் தேய்த்து, வெயிலில் காயவையுங்கள். கஞ்சி வேண்டாம், எண்ணெய் வேண்டாம். ஒருமுறை வெறும் தண்ணீரை ஊற்றிச் சிறு தீயில் சூடாக்கிப் பாருங்கள். வெளிப்பக்கம் ஈரம் கட்டினால் நல்லது. சொட்டினால் விரிசல்.

இனி கோழி. கடையில் கேட்கும்போதே "தோலோட, முழுசா, துண்டு போடாம" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொன்றாகச் சொன்னால், நீங்கள் "முழுசா" என்பதற்குள் கத்தி இறங்கியிருக்கும். தோல் இல்லாத கோழியில் இதைச் செய்யவே வேண்டாம், மேலே மூடி மாதிரி நின்று கொழுப்பை உருக்கிக் கீழே விடுவது தோல்தான். உயிர் எடை 1.7 கிலோ இருந்தால் சுத்தம் செய்தபின் தோலோடு 1.2 கிலோவை ஒட்டி வரும்.

கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் போட்டு ஏழு தண்ணீர் விட்டு அலசுகிற வீட்டில் வளர்ந்தவன்தான் நானும். ஆனால் குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே கோழியைப் பிடித்தால், தெறிக்கிற தண்ணீரோடு சால்மோனெல்லா மாதிரிக் கிருமிகள் தொட்டி, மேடை, பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லி எல்லாவற்றிலும் போய் உட்காரும். கிருமியைக் கொல்வது தண்ணீர் இல்லை, சூடுதான். மனசு கேட்கவில்லையென்றால் ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, தெறிக்காமல் அலசி எடுங்கள். நமக்குத் தோல் காய்ந்திருக்க வேண்டும் என்பதால் அலசினாலும் அலசாவிட்டாலும் உள்ளும் வெளியும் ஈரம் ஒற்றியே ஆக வேண்டும்.

1.2 கிலோவுக்கு 15 கிராம் உப்பு, தூள் உப்பானால் தேக்கரண்டியில் தலைதட்டி இரண்டரை. தோல் மேலும், வயிற்றுக்குள்ளும் தடவி, ஃபிரிட்ஜின் கடைசித் தட்டில் ஒரு அகலத் தட்டில் வைத்து, மூடாமல் ராத்திரி முழுக்க விடுங்கள். மேல் தட்டில் வைக்க வேண்டாம், சொட்டும். உப்பு முதலில் சாற்றை வெளியே இழுக்கும், பிறகு அந்த உப்புச் சாற்றைக் கறியே திரும்பக் குடித்துக்கொள்ளும். அதற்கு நேரம் வேண்டும். மூடாமல் வைப்பதால் தோலும் உலர்ந்து தாள் மாதிரி ஆகும். இந்த ஒரு ராத்திரியை விட்டுவிட்டு எவ்வளவு மசாலா அரைத்துப் பூசினாலும் அது தோலோடு நின்றுவிடும்.

மசாலா உங்கள் இஷ்டம் என்றேன். எங்கள் வீட்டில் வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் இடித்து, விளக்கெண்ணெய் விட்டு உருண்டை பிடித்து வெயிலில் காயவைக்கிற அதே தாளிப்பு வடகம்தான். இதைப் பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்து கொண்டுபோய், பெயரையும் வாதுவான் என்று ஆக்கிக்கொண்டார்கள். இப்போது அந்தப் பெயரில் அங்கே பொடியாகவே விற்கிறது. ஒரு எலுமிச்சை அளவு வடகத்தை உதிர்த்து, ஒரு கரண்டி எண்ணெயில் வாசனை வர வறுத்து, இடித்து, 40 கிராம் வெண்ணெயோடும் ஒரு தேக்கரண்டி மிளகுத்தூளோடும் பிசையுங்கள். வடகத்தில் உப்பு இருக்கும், அதற்கு ஏற்றபடி கோழியில் தடவும் உப்பை அரைத் தேக்கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுப் பக்கம் தோலுக்கும் கறிக்கும் நடுவே விரலை மெதுவாக விட்டால் பை மாதிரி பிரியும். வெண்ணெயில் பாதியை அந்தப் பைக்குள் தள்ளுங்கள், மீதியை மேலே. நகம் பட்டுத் தோல் கிழிந்தால் கவலைப்பட வேண்டாம், என்னுடையது ஒவ்வொரு தடவையும் எங்காவது கிழிகிறது. வயிற்றுக்குள் முட்டை, சோறு என்று அடைப்பதை ஆரம்பத்தில் செய்யாதீர்கள். நடுவில் இருப்பது சூடாக அரை மணி கூடுதலாகும், அதற்குள் நெஞ்சு போய்விடும். ஒரு எலுமிச்சை மூடி, நாலு பல் பூண்டு போதும்.

கோழி நேராக அடியில் படாமல் இருக்க ஒரு படுக்கை வேண்டும். உரித்த சின்ன வெங்காயம் கால் கிலோ, இரண்டு முழுப் பூண்டு, பாதியாக நறுக்கிய உருளைக்கிழங்கு என்று பரப்பலாம். பொங்கல் முடிந்து வீட்டில் கரும்பு சும்மா கிடக்கும் சமயத்தில் தோலைச் சீவி, விரல் கனத்துக்குப் பிளந்து, குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுப் பாருங்கள். ஒரு தை மாதம் நெல்லிக்குப்பம் பக்கமிருந்து வந்த கட்டுக் கரும்பு மீந்துபோய் ஆரம்பித்தது இது, இப்போது மற்ற மாதங்களிலும் ஜூஸ் வண்டிக்காரரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்குகிறேன். இனிப்புச் சாற்றில் கொழுப்பு விழுந்து அடியில் தேன் மாதிரி ஒன்று சேரும்.

சட்டியையும் மூடியையும் ஒரு மணி நேரம் முழுக ஊறவைத்து, எடுத்து, தேங்கிய தண்ணீரைக் கொட்டி உள்ளே துடைத்துவிடுங்கள். படுக்கை, அதன்மேல் கோழி, நெஞ்சு மேலே பார்க்க. மூடி. ஓவனைச் சூடாக்காமல் அப்படியே உள்ளே வைத்து, பிறகுதான் 220-க்குத் திருப்ப வேண்டும். கேக்குக்கு முன்கூட்டிச் சூடாக்குவதுபோல் இதற்குச் செய்தால், குளிர்ந்த ஈரச் சட்டி கொதிக்கும் பெட்டிக்குள் போய் விரிசல் விடும்.

முதல் 25 நிமிடம் ஒன்றுமே நடக்காது. திறந்து பார்க்கத் தோன்றும், வேண்டாம். 40, 45-ல் வெண்ணெய், வடகம் வாசனை வாசல்வரை வரும். 65-ல் மூடியை எடுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, மூடியின் தூர விளிம்பை முதலில் தூக்க வேண்டும், ஆவி சுள்ளென்று அடிக்கும். உள்ளே கோழி வெளுத்துப்போய் அவித்த மாதிரிதான் இருக்கும். மனம் தளர வேண்டாம், பாதி நாடகம்தான் முடிந்திருக்கிறது. சாற்றை அள்ளி மேலே ஊற்றாதீர்கள், காயவேண்டிய தோலை மறுபடி நனைப்பது அது. ஒரு கரண்டி நெய் தடவலாம், கொழுப்பு தோலை நனைக்காது. மூடி இல்லாமல் இன்னும் 15, 20 நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருங்கள். பொன்னிறத்திலிருந்து கறுப்புக்குப் போக அதற்கு அதிக நேரம் பிடிக்காது.

வெந்ததா என்று தெரிந்துகொள்ள, குத்திப் பார்த்துச் சாறு தெளிவாக வருகிறதா, கால் மூட்டு தளர்ந்து திருகுகிறதா என்று பார்ப்பது வழக்கம். இரண்டும் உதவும், இரண்டையும் முழுசாக நம்ப முடியாது. சில நூறு ரூபாய்க்கு ஊசி வெப்பமானி கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். தொடையும் உடம்பும் சேருகிற இடத்தில், எலும்பில் படாமல் குத்தினால் 80-க்கு மேல் காட்ட வேண்டும். நெஞ்சின் தடித்த நடுவில் 74. அதற்குக் குறைவாக இருந்தால் திரும்ப உள்ளே.

உடைந்த சட்டியின் கதையை இங்கேதான் சொல்ல வேண்டும். விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பெருமையோடு சட்டியைத் தூக்கி வந்து, அப்போதுதான் துடைத்த ஈர கிரானைட் மேடையில் வைத்தேன். ஒரு நொடி. டப் என்று ஒரு சத்தம், அடி நேர்க்கோடாகப் பிளந்தது. கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மணி நேரம் காத்திருந்து சேர்ந்த சாறு முழுக்க மேடையிலிருந்து வழிந்து தரைக்குப் போனது. இப்போது நாலாக மடித்த சாக்கு இல்லாமல் ஓவன் கதவைத் திறப்பதே இல்லை. சூடான மூடியையும் அதே சாக்கின் மேல்தான் வைப்பேன்.

கால் மணி நேரம் சட்டியிலேயே விடுங்கள். மூடியை முழுசாகப் போட்டால் தோல் மறுபடி நமுத்துவிடும், திறந்தே இருக்கட்டும்.

ஓவன் இல்லாதவர்களுக்கு. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் என் அத்தை வீட்டில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன, கோழிக்கூண்டும் சரிந்தது. அடிபட்ட சேவலை அன்றே அறுக்க வேண்டியதாயிற்று. உட்கார்ந்து துண்டு போட யாருக்கும் தெம்பில்லை. அத்தை அதைச் சுத்தம் செய்து முழுசாகவே ஒரு புதுச் சட்டிக்குள் வைத்து, உப்பும் மிளகும் போட்டு, மூடியைக் கவிழ்க்காமல் மல்லாத்தி வைத்து, அந்தக் குழிவில் தணலை அள்ளிப் போட்டார். கீழே சிறு விறகுத் தீ, மேலே தணல். ஓவன் என்ற சொல்லே அந்த வீட்டில் கிடையாது, செய்தது ஓவன்தான்: மேலிருந்தும் கீழிருந்தும் வெப்பம்.

மொட்டைமாடியோ கொல்லைப்புறமோ இருந்தால் அத்தை வழியே நல்லது. மூடிய சமையலறைக்குள் கரி வேண்டவே வேண்டாம், அதன் புகை வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்க்கும். கேஸ் அடுப்பில் செய்வதானால் ஊறிய சட்டிக்குக் கீழே இரும்புத் தோசைக்கல்லை வையுங்கள், தீ ஒரே இடத்தில் குத்தாது. முதல் பத்து நிமிடம் மிகச் சிறிய தீ, பிறகு நடுத்தரம். பாதியில் ஒருமுறை கோழியைத் திருப்புங்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும். மேலிருந்து வெப்பம் இல்லாததால் தோல் சிவக்காது. எடுத்த பிறகு அந்தத் தோசைக்கல்லிலேயே நெய் விட்டு, கோழியைப் புரட்டிப் புரட்டிச் சிவக்கவையுங்கள். ஓவனில் செய்ததற்கு முக்கால்வாசி சமம் என்று சொல்வேன்.

நாட்டுக்கோழியானால் கணக்கு மாறும். ஓடியாடித் திரிந்த கால், வயசும் கூடுதல், தசைக்குள் இணைப்புத்திசு இறுகியிருக்கும். அது கரைந்து இளக வேண்டுமானால் வெப்பத்தைவிட நேரம்தான் முக்கியம். ஓவன் 180, இரண்டு மணி நேரம், அதற்கு மேலும் ஆகலாம். இதற்கு மட்டும் அரை டம்ளர் தண்ணீர் விடலாம், சட்டியில் ஊறியது அவ்வளவு நேரம் தாங்காது, கொழுப்பும் குறைவு. அத்தையின் சேவல் அன்று மூன்று மணி நேரம் எடுத்தது.

அடியில் சேர்ந்த சாற்றை வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பைக் கொஞ்சம் எடுத்துவிட்டால் குழம்பே வேண்டாம். சுடுசோற்றில் பிசையலாம். நான் பேக்கரியில் பகெத் என்ற நீள பிரெஞ்சு ரொட்டியை வாங்கிக் கிழித்து முக்குகிற கட்சி.

சட்டி முழுசாக ஆறிய பிறகுதான் கழுவ வேண்டும். சோப்பு போட்டால் துளை அதையும் குடிக்கும், அடுத்த கோழியில் திருப்பித் தரும். வெந்நீர், தேங்காய் நார், பிடிவாதக் கறைக்குச் சமையல் சோடா. வெயிலில் நன்றாகக் காயவைத்து, மூடியைப் போடாமல் திறந்தே வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடிவைத்த சட்டிக்குள் ஒரே வாரத்தில் பூஞ்சை வந்துவிடும். வந்தால் தேய்த்து, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துக் கொட்டினால் போகும்.

என்ன செய்தாலும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொழுப்பு துளைக்குள் தங்கத்தான் செய்யும். அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை பழையபடி நிறுத்துப் பார்ப்பேன். ஆரம்பத்தில் 280 கிராம் தண்ணீர் குடித்த என் இரண்டாவது சட்டி ஒன்றரை வருடத்தில் 200-க்கு வந்து, போன தீபாவளிக்கு 120-க்கு இறங்கியது. கோழியும் முன்னைப்போல் வரவில்லை. தண்ணீர் குடிக்காத சட்டியைத்தான் என் அம்மா தேடிக்கொண்டிருந்தார். அது இப்போது அவருடைய மீன் சட்டி.